ஒரே மூச்சில் தொண்ணூற்றொன்பது

போலந்தில், லுப்லின் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், நம்ம கோவில்பட்டிக்காரர் பொன்னுலிங்கம் வேலை பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போவார். கை சுத்தம், மனசும் சுத்தம். வாய்தான் தகராறு.

அவருக்குப் போலிஷ் சொல்லிக் கொடுத்தவர் அங்கேயே இருந்த ஸ்டெஃபானியா அம்மையார். பழைய பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் இவர் அம்மையாருக்குத் தலை வாரிவிடும்போதுதான் பாடம். தப்பாகச் சொன்னால் சீப்பைப் பிடுங்கிக்கொள்வார். சரியாகச் சொன்னால்தான் திரும்பக் கிடைக்கும்.

அம்மையாருக்குத் தொண்ணூற்றொன்பது வயது நிறையப் போகிறது. பிறந்தநாள் வாழ்த்தை யார் சொல்வது என்று பிறந்தநாள்காரரே தீர்மானிப்பது அந்த இல்லத்து வழக்கம். வாழ்த்து முடியும்வரை தூக்கிய கோப்பையை யாரும் இறக்கக் கூடாது.

"நீதான் சொல்லணும்" என்றார் அம்மையார்.

பொன்னுலிங்கம் சீப்பைத் தானாகவே அவரிடம் நீட்டிவிட்டார். 'தொண்ணூற்றொன்பது வயதான' என்பதை அந்த ஊரில் ஒரே சொல்லாகக் கோத்துவிடுவார்கள். ஜெவியென்ச்ஜெஷென்ச்சோஜெவியென்ச்சோலெத்னியா. அடேயப்பா! முதலில் தொண்ணூறு, அப்புறம் ஒன்பது, கடைசியில்தான் வயது. போன வருஷம் ஒரு பெரியவரின் எண்பத்தெட்டாம் பிறந்தநாளில், இவர் பாதியில் மூச்சுத் திணறி அவரை எண்பதோடு நிறுத்திவிட்டார். கூடமே சிரித்தது. அந்தப் பெரியவர் ரொம்ப நாள் இவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வேண்டாம்மா. உங்களையும் சிரிப்புக்கு ஆளாக்க மாட்டேன். வயசைச் சொல்லாமலே வாழ்த்திடறேனே?"

"அதைத்தானே இத்தனை பாடுபட்டுச் சேர்த்தேன். அதை விட்டுட்டு எதை வாழ்த்துவே?"

"அப்போ ஒரே மூச்சுல சொல்ல ஒரு வழி சொல்லுங்க."

அம்மையார் வாக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சாப்பாட்டுக் கூடம்வரை நடக்கலாம், வா."

நீளமான நடைவழி. முதல் ஜன்னலில் நின்றார். வெளியே யாரோ பனியை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மூச்சு வாங்கினார். பிறகு நடந்தார். அடுத்த ஜன்னலிலும் அதே கதை. அதற்கடுத்த ஜன்னலில் ஒரு காக்காயை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"சக்கர நாற்காலியில போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருக்கலாம்."

"காக்காயை யார் பார்க்கிறது?"

ஒருவழியாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பாடம் எப்போம்மா?"

"முடிஞ்சுபோச்சே!" என்று சொல்லி அம்மையார் சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பொன்னுலிங்கத்துக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்குக் குளியலறையிலும் படிக்கட்டிலும் அந்தச் சொல்லை ஒரே மூச்சில் ஓட்டிப் பழகினார். ஒரு தடவைகூடக் கரை சேரவில்லை.

பிறந்தநாளும் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. கோப்பைகள் உயர்ந்தன. பொன்னுலிங்கம் தம் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

"எங்கள் அன்புக்குரிய, ஜெவியென்ச்ஜெஷென்ச்சோ..."

அங்கே மூச்சு அறுந்தது. சரியாகத் தொண்ணூறில்.

கோப்பை பிடித்த கிழக் கைகள் நடுங்கின. போன வருஷத்துப் பெரியவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. சே, கடைசியில் இவரையும் குறைத்துவிட்டோமே!

அம்மையாரின் கோப்பை மட்டும் ஆடவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி!

"தொண்ணூறுல நானும் நின்னுதான் மூச்சு வாங்கினேன்" என்றார் அவர். "நல்ல ஜன்னல் அது. பார்த்துட்டு மெதுவா வா. இன்னும் ஒன்பதுதான்."