ஊமத்தங்காட்டுப் பிள்ளைகள் விடுதியில் சேர்ந்த கதை

ஊமத்தங்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்களே கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் யாரையாவது விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். அவ்வளவு நிதானமான ஜனங்கள். அந்த ஊரிலிருந்து முதல் தடவையாக மூன்று பையன்கள் மலையடிவாரத்து உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கக் கிளம்பினார்கள். மருதாசலம், செம்மலை, அய்யாவு. மூவரில் மருதாசலம்தான் கெட்டிக்காரன் என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு பொத்தானை மாட்டுகிறவன் அவன் ஒருவன்தான். மற்ற இருவரும் பொத்தான் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டிருப்பார்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த மருதாசலத்தின் அப்பா காளியப்பன், "இந்த ரெண்டு பேரும் உன்ற பொறுப்பு சாமி. வார்டன் என்ன சொல்றாரோ அதை அப்படியே செய்யோணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

பொறுப்பு என்ற சொல் மருதாசலத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும், பொறுப்போடு நின்றுகொண்டே போனான்.

விடுதி வார்டன் தேவசகாயம் நல்ல மனிதர். குரல் கொஞ்சம் பெரிது, ஆனால் காய்ச்சல் வந்த பையனுக்குத் தன் கையால் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறவர். புதுப் பையன்களை உட்கார வைத்து, விடுதியில் எப்படி இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வதையே அந்த வருஷமும் சொன்னார். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வரும்போது முன்னால் போகிறவன் பின்னாலேயே வரிசையாகப் போக வேண்டும். எதிலும் பெயர் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறிப்போய்விடும்.

"இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா இங்கே ஒரு கஷ்டமும் கிடையாது" என்று முடித்தார்.

மூவரும் புரிந்துகொண்டார்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் காலை மணிக்கு எழுந்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் மணி ஒரு தடவை அடிப்பதோடு நிற்பதில்லையே. முதல் பாடம் முடியும் நேரத்தில் அய்யாவுக்கு வியர்த்துவிட்டது.

"இப்ப மறுபடி மணி அடிப்பாங்க. அடிச்சா என்ன பண்ணோணும்?" என்று கிசுகிசுத்தான்.

"எழுந்திரிக்கோணும்" என்றான் செம்மலை.

"நாமதான் எழுந்துட்டமே. எழுந்தவன் எப்படி எழுந்திரிப்பான்?"

இருவரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பொறுப்புள்ளவன் அல்லவா. "அதுக்கு முன்னாடி தூங்கிடோணும்" என்றான்.

இரண்டாவது பாடத்துக்கு மூவரும் பாயோடு வந்தார்கள். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் தம் வகுப்பில் எத்தனையோ பேரைத் தூங்க வைத்தவர்தான். ஆனால் பாய் விரித்துத் தலையணையும் போட்டுத் தூங்கியவர்களை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திகைத்துப்போய் நின்றார். அதற்குள் மணி அடித்தது. மூவரும் எழுந்து, பாயைச் சுருட்டி, அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

மத்தியானம் சாப்பாடு. மூவரும் மற்றவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மருதாசலம் முதலில் நின்றான், அவன் பின்னால் செம்மலை, அவன் பின்னால் அய்யாவு. நின்றார்களே ஒழிய நகரவில்லை.

"ஏன்டா நிக்கறே? பசிக்குது" என்றான் செம்மலை.

"முன்னால போறவன் பின்னாலேயே போகச் சொன்னாரு. எனக்கு முன்னால ஆரும் இல்லையே."

இது நியாயமான சிக்கல் என்று எல்லோருக்கும் பட்டது. பிறகு அய்யாவு, "எனக்குப் பின்னால ஆரும் இல்லை. நான் சும்மாத்தான இருக்கறேன். நான் உனக்கு முன்னால வந்துடட்டுமா?" என்று கேட்டான்.

வந்தான். வந்து, வட்டமாகத் திரும்பிச் செம்மலையின் பின்னால் நின்றுகொண்டதும் எல்லோருக்கும் முன்னால் ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மூவரும் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த பையன்கள் இதுதான் வரிசை போலிருக்கிறது என்று வந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். வார்டன் வந்து பார்த்தபோது விடுதி முழுக்கத் தட்டும் கையுமாகத் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரும் வரிசையின் ஆரம்பத்தைத் தேடிக் கூடவே நடந்து பார்த்தார். சோறு ஆறிப்போய்விட்டது.

இதையெல்லாம் புதுப் பையன்களின் குழப்பம் என்று வார்டன் விட்டுவிட்டார். அவரால் விட முடியாமல் போனது அடுத்த விஷயம்தான்.

எதிலும் பெயர் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார் இல்லையா. பெட்டியில் எழுதினார்கள், தட்டில் எழுதினார்கள், பல்பொடி டப்பாவில் எழுதினார்கள். எல்லாம் முடிந்த பிறகு செம்மலை முகம் வெளுத்துப்போய், "நம்ம மேல எழுதலையே. நாம மாறிப்போயிட்டா?" என்றான்.

மருதாசலத்துக்குப் பொறுப்பு ஞாபகம் வந்தது. மூவரில் ஒருவன் மாறிப்போனால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது. உடனே மார்க்கர் பேனாவை எடுத்து, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அய்யாவிடம் கொடுத்தான். அய்யாவுக்கு எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது ஒரே பெயர்தான். மூன்று நெற்றியிலும் அதையே அழகாக எழுதினான்.

வகுப்பில் ஆஜர் எடுத்தார்கள். "அய்யாவு" என்றதும் மூவரும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றார்கள். "மருதாசலம்" என்றதற்கு யாரும் எழவில்லை. மருதாசலம் திரும்பிச் செம்மலையின் நெற்றியைப் பார்த்தான். அய்யாவு. அய்யாவின் நெற்றியைப் பார்த்தான். அதுவும் அய்யாவு. "என்ற நெத்தியில என்ன இருக்குது?" என்று கேட்டான்.

"அய்யாவு" என்றான் செம்மலை வருத்தத்தோடு.

"அப்படீன்னா மருதாசலம் எங்கே?"

அவனைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று பேசிப் பார்த்தார்கள். காலையில் பல் விளக்கும்போது இருந்தான் என்றான் ஒருவன். செம்மலையும் அப்போது கூடவே இருந்தான் என்றான் இன்னொருவன். இரண்டு பேரும் சேர்ந்துதான் எங்கோ போயிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூவரும் வகுப்பை விட்டு ஓடினார்கள். குளிக்கிற இடம், சமையல்கட்டு, மாட்டுக்கொட்டகை எல்லாம் தேடினார்கள். "மருதாசலம்" என்று எல்லோரையும் விடச் சத்தமாகக் கூப்பிட்டது மருதாசலம்தான். நல்ல பையனாயிற்றே, எங்கே கிடந்து கஷ்டப்படுகிறானோ என்று நினைத்தபோது அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டு பையன்களைக் காணோம் என்று கேள்விப்பட்ட வார்டன் ஒரு காலில் செருப்போடு கிணற்றடிக்கு ஓடி வந்தார். அங்கே மூவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவர்களே தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஈரத்துண்டால் நெற்றிகளைத் தேய்த்துவிட்டபடியே, "இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா டி.சி.யைக் கொடுத்து மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிடுவேன். வேற வழியில்லை" என்றார்.

டி.சி. என்றதும் மருதாசலம் அழ ஆரம்பித்தான். பஸ் நிறுத்தத்துக்கு ஊரே வந்து வழியனுப்பிய பிள்ளை அவன். எந்த முகத்தோடு திரும்பிப் போவான். அவன் அழுவதைப் பார்த்துச் செம்மலை அழுதான். அய்யாவு வரிசைப்படி மூன்றாவதாக அழுதான்.

வார்டனுக்கு மனது கேட்கவில்லை. வீட்டு ஞாபகத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தார். மூவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இங்கே பாருங்கடா. விடுதிக்கு வந்தாச்சுன்னா வீட்டை மறந்துடணும். இனிமே நான்தான் உங்களுக்கு அப்பா" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் விடுதியில் சத்தமே இல்லை. பையன்கள் திருந்திவிட்டார்கள் என்று வார்டன் சந்தோஷப்பட்டார். அவர்கள் வீட்டை மறக்கும் வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

"நான் எங்க வெள்ளாட்டை மறந்துட்டேன்" என்றான் செம்மலை ஒரு நாள்.

"எந்த வெள்ளாடு?"

"அதான்டா, நெத்தியில வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு ஒடிஞ்சிருக்குமே. அதை."

"நீ மறக்கலைடா."

"சுத்தமா மறந்துட்டேன். நேத்துக்கூட அதையே நினைச்சுப் பார்த்தேன், ஞாபகமே இல்லை."

எதை மறக்க வேண்டும் என்பதே மறந்துபோனால் என்ன செய்வது என்று அய்யாவுக்குப் பயம். ஆகையால் தினமும் பல் விளக்கியதும் மூவரும் நின்று ஒப்பித்தார்கள். அப்பா பெயர் காளியப்பன், அதை மறக்க வேண்டும். அம்மா வைக்கிற கொள்ளு ரசம், அதை மறக்க வேண்டும். ஒப்பிக்க ஒப்பிக்க மருதாசலத்துக்கு வீடு கண்முன்னால் வந்து நின்றது. தனக்கு மட்டும்தான் மறதி வரவில்லை, தான் மக்கு என்று மனதுக்குள் குமைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முறுக்குப் பொட்டலத்தோடு காளியப்பன் வந்துவிட்டார். கேட்டருகில் மகனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மருதாசலத்துக்கும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டி.சி.யை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"ஆரைப் பார்க்கோணுங்க?" என்றான்.

காளியப்பன் திகைத்தார். "மருதாசலத்தை."

"அவங்க அப்பா ஆபீஸ் ரூம்ல இருக்கறாருங்க. அவரைக் கேளுங்க."

அவரும் ஊமத்தங்காட்டுக்காரர்தானே. மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாக ஆபீஸ் ரூமுக்குப் போனார். மருதாசலமும் பின்னாலேயே போனான்.

"மருதாசலத்தோட அப்பா நீங்கதானுங்களா?"

வார்டன் பெருமையாகச் சிரித்தார். "ஆமாங்க. இங்கே எல்லாப் பையனுக்கும் நான்தான் அப்பா."

"எப்ப இருந்துங்க?"

"இங்கே வந்து சேர்ந்ததுல இருந்து."

காளியப்பன் விரல் மடக்கி யோசித்தார். "சரியாத்தானுங்க இருக்குது. அதுவரைக்கும் நான்தான் இருந்தேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைச்சர்றேனுங்க. சோளத்தட்டு இன்னும் போர் போடலை. எருமைக்குச் சூடு பிடிச்சிருக்குது. மாமியா கோவிச்சுக்கிட்டு மச்சான் வூட்டுல போய் உக்காந்திருக்குது, சமாதானம் பண்ணிக் கூட்டியாரோணும். அதை மட்டும் வெரசாப் பார்த்துருங்க. அது வாய் கொஞ்சம் நீளம்."

சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. வார்டனுடைய முகத்திலிருந்து அது போய்க்கொண்டிருந்தது. சும்மா பேச்சுக்குச் சொன்னது என்றும், உண்மையான அப்பா காளியப்பன்தான் என்றும் அவர் திரும்பத் திரும்ப விளக்கினார். கடைசியில் காளியப்பன் அரைமனதோடு ஒத்துக்கொண்டார், மாமியார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அப்ப நான் ஆரைங்க சார் மறக்கோணும்?" என்று கேட்டான் மருதாசலம்.

வார்டன் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னை மறந்துடுப்பா. மூணு பேரும் என்னை மறந்துட்டு அப்பாகூடப் பேசிக்கிட்டு இருங்க. நான் கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன். வாட்ச்மேன் இல்லை, கேட்டைச் சாத்திக்குங்க. தெரியாத ஆள் யாரையும் உள்ளே விடாதீங்க."

மூவரும் கேட்டைச் சாத்திக்கொண்டு காளியப்பனோடு மர நிழலில் உட்கார்ந்தார்கள். முறுக்குப் பொட்டலம் பிரிந்தது. ஊர்க்கதை கிளம்பியது. மருதாசலம் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, கொள்ளு ரசத்தைப் பற்றி வாய் ஓயாமல் கேட்டான். ஒரு வாரமாக என்ன பாடுபட்டும் வராத மறதி அப்போது தானாக வந்தது.

வார்டன் திரும்பி வந்து கேட்டைத் தட்டினார்.

"ஆருங்க நீங்க?" என்றான் மருதாசலம். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"வார்டன்டா. திற."

மூவரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள். பார்த்த முகமாகத் தெரியவில்லை என்றான் செம்மலை. பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஆனால் உத்தரவு உத்தரவுதான் என்றான் அய்யாவு.

"உங்களைத் தெரிஞ்சவங்க உள்ளே ஆராச்சும் இருக்கறாங்களாங்க?" என்று மருதாசலம் மரியாதையாகக் கேட்டான்.

வார்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பாவைக் கூப்பிடு. அவருக்கு என்னை நல்லாத் தெரியும்" என்றார்.

காளியப்பன் எழுந்து வந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தார். தெரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் நடந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், கம்பி வழியாக ஒரு முறுக்கை நீட்டினார்.

"தங்கமான மனுசருங்க. மத்தியானம் வரைக்கும் மருதாசலத்துக்கு அப்பாவா இருந்தாரு" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, வார்டன் பக்கம் திரும்பினார். "ஆனா இப்ப அந்த இடம் காலி இல்லீங்க. காலியானா சொல்லி விடறோம். போயிட்டு வாங்க."