ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு

"வெளிநாட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் இருந்தா போதும், அம்மா?"

கேட்டவள் செண்பகவடிவு. அறுபது வயது. முப்பத்தொரு வருடம் தபாலாபீஸில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தவள். போன மாதம் ஓய்வு பெற்றாள். கைக்கு வந்த பணத்தில் முதல் வேலையாக வியட்நாமுக்கு டிக்கெட் எடுத்தாள். அங்கிருந்து பஸ்ஸிலேயே லாவோஸ், கம்போடியா. தொண்ணூறு நாள். தனியாக.

மகன்கள் இருவரும் கூடாது என்றார்கள். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கப்போவதாகப் பெரியவன் சொன்ன அன்றே, அதைப் பையில் போட்டுக்கொண்டு தன் குருவிடம் வந்துவிட்டாள்.

குரு, தவமணி அம்மை. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் சின்ன மடம். வயது முப்பத்தாறு. காவி கட்டுமுன் அந்த நாடுகளிலெல்லாம் ஒற்றைப் பையோடு திரிந்தவர்.

"நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?"

செண்பகவடிவு நோட்டை நீட்டினாள். "ரெண்டாயிரத்து ஐந்நூறு."

அம்மை வாசித்தார். ரூம் எழுநூறு. சாப்பாடு நானூறு. பஸ் இருநூறு. சுற்றிப் பார்க்க இருநூறு. மருந்து மாத்திரை நூறு. மற்றவை தொள்ளாயிரம்.

விரல் கடைசி வரியில் நின்றது.

"மற்றவைன்னா?"

"ரெண்டு பேரப்பிள்ளைகளுக்கும் பொம்மை. மருமகள்களுக்குச் சேலை. மகன்களுக்கு வாட்ச். எல்லாரும் கோவமா இருக்காக. வெறுங்கையோட வந்து நிக்க முடியாதுல்லா?"

"எத்தனை பேர் போறீங்க?"

"நான் ஒருத்திதான்."

"கணக்குல ஏழு பேர் இருக்காகளே."

செண்பகவடிவின் முகம் சிவந்தது. நோட்டைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். காகிதம் கிழிந்தது.

"அப்ப ஆயிரத்து அறுநூறு. போதுமா?"

"செலவழிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. நாளைக்கு அந்தப் பணத்தோட தென்காசிக்குப் போங்க. புது ஊருக்கு வந்தவ மாதிரி சாயங்காலம் வரைக்கும் இருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. நீங்க போற ஊர்ல உங்க பாஷை யாருக்கும் தெரியாது."

மறுநாள் சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். கையில் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய் அப்படியே இருந்தது.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு வாழைப்பழம். டீ."

"பகல் முழுக்க எங்க இருந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"பட்டினி கிடக்க வியட்நாம் எதுக்கு? வீட்டுலயே கிடக்கலாமே."

"கை வரல அம்மா. ஓட்டல் வாசல் வரைக்கும் போவேன். சாயங்காலம் கேப்பாகளேன்னு தோணும். திரும்பிருவேன்."

"யாரு கேப்பாக?"

செண்பகவடிவு கையிலிருந்த பணத்தைத் தரையில் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர். தினமும் நான் ஆபீஸ்ல இருந்து வந்ததும் அவுக முன்னால பர்ஸைக் கொட்டிக் காட்டணும். ஒரு டீ குடிச்சாலும், யாரோட குடிச்சேன்னு சொல்லணும்."

"இப்ப எங்க இருக்காக?"

"போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷமாச்சு."

அம்மை உள்ளே போனார். எழுபது ரூபாய் கொண்டுவந்தார். அந்தப் பணத்தின் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கும் போங்க."

அடுத்த நாள் மடத்தில் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் செண்பகவடிவு வந்தாள். நெற்றிக்கு மேல் புதுக் கூலிங் கிளாஸ். உதட்டோரம் ரோஸ்மில்க் காய்ந்திருந்தது. சேலைக் கரையெல்லாம் சேறு. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பணம்?"

"எட்டு ரூபா மிச்சம்."

"போதுமா?"

"போதும்."

அம்மையின் குரல் கடுமையானது.

"மீதியெல்லாம் எங்க போச்சு? என்ன வாங்கினீங்க? யாரோட சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

செண்பகவடிவின் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. பாதி திறந்தது. நின்றது.

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்ல மாட்டேன்."

"கேக்கிறது உங்க குரு."

"தெரியும். சொல்ல மாட்டேன்."