மூங்கில் கழிக்கு அந்தப்புறம்

ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையில் ஒரு காடு. கிழக்குக் கரையில் இன்னொரு காடு. இரண்டுக்கும் வேறு வேறு ராஜா, வேறு வேறு சட்டம். ஏரிக்கு நடுவே வரிசையாக மூங்கில் கழிகள் நட்டிருந்தன. அதுதான் எல்லை.

மேற்குக் காட்டில் மலையன் என்ற கரடி இருந்தது. கிழக்குக் காட்டில் செவந்தி என்ற நீர்நாய் இருந்தது. சாயங்காலம் ஆனால் இரண்டும் மீன் பிடிக்க வந்துவிடும். கரடி பரிசலில் வரும். நீர்நாய் சின்னப் படகில் வரும்.

நீர்நாய்க்கு எதற்குப் படகு என்று கேட்பீர்கள். நீந்திப் பிடித்தால் அது சாப்பாட்டுக்கு. படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் அது பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றல்ல.

கழிக்கு இந்தப் பக்கம் பரிசல், அந்தப் பக்கம் படகு. இப்படியே இரண்டு வருஷம் போனது.

"அண்ணே, உங்க தூண்டில்ல மீன் மாட்டி எவ்வளவு நேரமாச்சு. தூங்குறீங்களா?"

"தூங்கல. அது நிதானமா சாப்பிடட்டும்னு விட்டிருக்கேன்."

"அது சாப்பிட்டு வீட்டுக்கே போயிடுச்சு."

செவந்திக்கு நல்ல மீன் கிடைத்தால் கரடிக்கும் ஒன்று தரும். கையில் வாங்காது கரடி. "தூக்கிப் போடு செவந்தி" என்று சொல்லும். தூக்கிப் போட்டதில் பாதி மீன் தண்ணீரில் விழுந்து தப்பித்துவிடும்.

"எங்க வீடு அதோ, அந்த நாவல் மரத்தடியில. ஒரு நாள் வாங்களேன்" என்று செவந்தி கூப்பிடும்.

"பார்க்கலாம்" என்று கரடி சொல்லும்.

முதல் வருஷம் முழுக்கக் கூப்பிட்டது. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

கரடிக்கு ஆசை இல்லாமல் இல்லை. பயம். மேற்குக் கரையில் இருந்த நரி அதனிடம் முன்பே சொல்லியிருந்தது.

"கழியைத் தாண்டிட்டியா, அந்தக் கரையைத் தொடாதே. கல்லைக் கட்டிப் பரிசலை நிறுத்தாதே. அடுத்தவன் படகு மேல கைகூட படக்கூடாது. பட்டா அங்க காவலுக்கு இருக்கிற கூழைக்கடா பரிசலைப் பிடுங்கிக்கும். என் படகு அப்படித்தான் போச்சு."

கரடி அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. செவந்தியிடமும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு பறவைக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? அதனால் "பார்க்கலாம்" என்றே காலத்தை ஓட்டியது.

ஒரு நாள் செவந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் கரடி தூண்டிலே போடவில்லை. நாவல் மரம் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான்காவது நாள் மீன்கொத்தி ஒன்று வந்து கழிமேல் உட்கார்ந்தது.

"அந்த நீர்நாயையா தேடுறே? முன்னங்கால்ல பெரிய முள் ஏறிடுச்சு. சீழ் வச்சிருக்கு. மூணு நாளா பட்டினி. கூட இருந்து பார்த்துக்க யாரும் இல்ல."

கரடி கரைக்குத் திரும்பியது. மரத்தில் ஏறி ஒரு தேனடையைப் பிய்த்தது. அதைப் பரிசலில் வைத்து, அவசரத்தில் மேலே நாலு இலையைப் போட்டது.

நரி பார்த்துவிட்டது.

"அங்கேயா போறே? சொன்னாக் கேளு, கூழைக்கடா உட்கார்ந்திருக்கிற மேட்டுப் பக்கம் போகாதே. நாணலுக்குள்ள புகுந்து போயிடு. தேனை நல்லா மறைச்சு வை. நானும் அப்படித்தான் பண்ணேன்."

"அப்படிப் பண்ணித்தான் உன் படகு போச்சா?" என்று கரடி கேட்டது.

நரி காதைச் சொறிந்தது.

கரடி கழியைத் தாண்டியது. ஒரு பக்கம் நாணல். இன்னொரு பக்கம் மேடு. நாணலுக்குள் பிடிபட்டால் செவந்தியைப் பார்க்கவே முடியாது. மேட்டில் என்ன நடக்கும் என்று தெரியாது. இருந்தும் மேட்டுக்கே போய், பரிசலைக் கரையை ஒட்டி நிறுத்தியது.

"எங்கேர்ந்து வர்றே?" என்றது கூழைக்கடா.

"மேற்குக் காடு ஐயா."

"எத்தனை பேர்?"

"ஒருத்தன்தான் ஐயா. பார்க்க ரெண்டு பேர் மாதிரி இருப்பேன்."

கூழைக்கடா சிரிக்கவில்லை. "எதுக்கு வந்தே?"

"சிநேகிதி ஒருத்திக்கு உடம்பு சரியில்ல."

"பரிசல்ல என்ன இருக்கு?"

"தூண்டில் இருக்கு. தேங்காய்ச் சிரட்டையில மண்புழு இருக்கு."

"மண்ணோடவா?"

"மண்ணோடதான்."

"அயல் மண்ணு இங்க இறங்கக்கூடாது. அதுல ஒளிஞ்சு வர்ற பூச்சி எங்க செடியெல்லாம் தின்னுடும். சிரட்டையை மூடி இங்கேயே வை. திரும்பும்போது எடுத்துக்கோ. பரிசல் அடியில பாசி ஒட்டியிருந்தா சுரண்டிடு. வேற?"

கரடி இலைகளைப் பார்த்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கூழைக்கடா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தேன் பறிபோனாலும் பரவாயில்லை, இனிமேல் ஒளிந்து வாழ முடியாது என்று கரடிக்குத் தோன்றியது.

"தேனடை இருக்கு ஐயா" என்று இலைகளை விலக்கியது.

"தேனீ இருக்கா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"அதுங்களைத் திருப்பி அனுப்பிடு. தேன் போகலாம்."

கரடி அடையை ஊதியது. இரண்டு தேனீக்கள் திட்டிக்கொண்டே மேற்கே பறந்தன.

"சரி, போ. ராத்திரி தங்குறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தங்கு" என்றது கூழைக்கடா.

"அவ்வளவுதானா ஐயா?"

"வேற என்ன? வர்றவங்க வந்து சொல்லணும். அதுதான் சட்டம். எங்கப்பா காலத்திலேர்ந்து இதேதான்."

கரடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாசியைச் சுரண்டிவிட்டு நாவல் மரத்துக்கு ஓடியது.

வேர்களுக்கு நடுவே செவந்தி சுருண்டு கிடந்தது. கண்ணைத் திறந்து பார்த்தது. காய்ச்சலில் ஏதோ தெரிகிறது என்று நினைத்து மறுபடி மூடிக்கொண்டது.

"நான்தான் செவந்தி. காலைக் காட்டு."

கரடி தன் பெரிய நகத்தால் மெதுவாக முள்ளை எடுத்தது. புண்ணைக் கழுவியது. மேலே தேனைத் தடவியது. மிச்சத் தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செவந்தியின் நாக்கில் வைத்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. நீங்க பண்ணுங்க."

கொஞ்ச நேரம் கழித்துச் செவந்தி சொன்னது, "எத்தனை தடவை கூப்பிட்டேன். எங்க வீடு சின்னதா இருக்கே, அதான் உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன் அண்ணே. அப்புறம் கூப்பிடவே கூச்சமாயிடுச்சு."

"ஐயோ, அது இல்ல. எனக்குப் பயம். கூழைக்கடாவுக்குப் பயம். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

செவந்தி சிரித்தது. சிரித்ததில் கால் வலித்தது. வலியோடு சிரித்தது.

"அது என் பக்கத்து வீடு அண்ணே. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

கரடி தலையைக் குனிந்துகொண்டது. செவந்தி அதன் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனது. அது விழித்துவிடக் கூடாது என்று, கால் மரத்துப்போன பிறகும் கரடி அசையவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நேராகப் போய்க் கேட்காமல் பயந்து ஒதுங்குகிறவன், சட்டம் தடுக்காத அன்பையும் தானே தடுத்துக்கொள்கிறான்.