மச்சான் பேர் இல்லாத மனு

முன்னொரு காலத்திலே சங்குத்துறை என்ற கடற்கரைப் பட்டணத்தைப் பதுருத்தீன் என்றொரு சுல்தான் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான்; கோபம் மட்டும் மூக்கு நுனியில் குந்தியிருக்கும். ஒரு வியாபாரி தன் மனுவைத் திருத்தித் திருத்திச் சுல்தானின் பகல் சாப்பாட்டை ஆறவைத்துவிட்டான். ஆறிப்போன அந்தக் கறிச்சோற்றுக்காக ஒரு சட்டமே பிறந்தது: கொடுத்த மனுவில் ஒரு சொல் சேர்க்கக் கேட்டாலும் வலக் கை போகும். அன்றிலிருந்து சபையில் ஒரு வெட்டுக்காரன் வாளோடு நின்றான்.

அந்தச் சபைக்குத்தான் மைமூன் பீவி மூடுபல்லக்கில் வந்தாள். கணவன் உமறு நயினா மௌத்தாகி மாதம் இரண்டுகூட ஆகவில்லை. அவனுடைய அண்ணன் கலந்தர் நயினா சுல்தானின் காதைக் கடிக்கும் பெரிய மனிதர். அவர் தம்பி வீட்டுச் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு மைமூனையும் அவள் மகளையும் தெருவில் விட்டார். வாரிசுப் பங்கு கேட்டு அவள் மனுப் போட்டாள்.

மனுவில்தான் வினை. திரைக்குப் பின்னால் இருந்து அவள் சொல்ல, எழுத்தர் எழுதினார். "வேறு வாரிசு உண்டா?" என்றபோது, வயிற்றுப் பிள்ளையை அந்நிய ஆணிடம் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். சபையின் நீதிபதியான காஜியாரின் மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது மனு சபைக்குப் போய்விட்டது.

"அடி பாவி மகளே! வயித்துல இருக்குறதுக்கும் பங்கு உண்டுடி. ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா ஒம் மச்சான் கலந்தருக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாதே!"

சேர்க்கச் சொன்னால் கை போகும். சொல்லாவிட்டால் பிள்ளையின் பங்கு போகும். சபையில், பல்லக்குத் திரையிடுக்கில் வாளைப் பார்த்தவள் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கரு மனுவில் இல்லை என்று கலந்தர் எழுத்தரிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தார். வேறெதையும் விசாரிக்கவில்லை.

"சுல்தான் அவர்களே, மனுவில் உள்ளது உள்ளபடி இன்றே தீர்ப்பாகட்டும்."

காஜி சதக்கு லெப்பை தாடியைத் தடவினார். "உண்மையான வாரிசு ஒருவர் விட்டுப்போயிருந்தாலுமா, கலந்தர் நயினா?"

"இருந்தாலும்தான்! மனுவில் பேர் இல்லாதவர் வாரிசே இல்லை."

"சபையறியச் சத்தியம் செய்வீர்களா?"

"அல்லாஹ் மீது ஆணை!"

காஜியார் நிதானமாக மனுவைப் பிரித்தார். "உமறு நயினாவின் வாரிசுகள்: மனைவி மைமூன், மகள் ரஹ்மா." மடித்து வைத்துவிட்டார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கூடப்பிறந்த அண்ணன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே! என் பேரையும் சேருங்கள்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வெட்டுக்காரன் ஓரடி முன்னே வந்தான். கலந்தர் வலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இவர் பேர் ஏன் இல்லை?" என்றார் சுல்தான்.

"நம் ஊர்ப் பெண்கள் கணவனின் அண்ணன் பேரை வாயால் சொல்வார்களா? அவள் சொல்லவில்லை, எழுத்தர் எழுதவில்லை" என்றார் காஜியார்.

"சட்டம் சட்டம்தான். நீட்டும் கையை!" என்றார் சுல்தான்.

மைமூன் சும்மா இருந்தாலே போதும், வீடு அவள் பக்கம் வந்துவிடும். ஆனால் தான் சொல்லாமல் விட்ட பேருக்காக இன்னொருவர் கை போவதா? பல்லக்குத் திரையை விலக்கித் தன் வலக் கையை வெளியே நீட்டினாள்.

"வெட்டாதீங்க சுல்தானே! மரியாதைக்கு நான் விட்ட பேரு அது. அவுக பேரையும் சேருங்க, எம் வயித்துப் பிள்ளையையும் சேருங்க. குத்தம் என்னுது. கை வேணும்னா இந்தா இருக்கு."

வளையல் கழற்றிய அந்தக் கை திரைக்கு வெளியே நீண்டே இருந்தது. சுல்தான் அதையே பார்த்தார்.

"ஒருவேளைச் சோறு ஆறினதுக்கு இத்தனை கையா?" என்று முணுமுணுத்தவர், வெட்டுக்காரனைச் சமையல்கட்டுக்கு வெங்காயம் நறுக்க அனுப்பினார். "மனுவைத் திருத்துங்கள். பிள்ளை பிறந்த பிறகு பங்கு பிரிப்போம்." தன் தோளில் கிடந்த சால்வையைக் காஜியாருக்குப் போர்த்தினார்.

பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. ஆசைப்பட்டபடியே கலந்தரின் பேர் மனுவில் இருந்தது. அதற்கு நேரே காஜியார் "பங்கு இல்லை" என்று எழுதினார். வெட்டுப்படாமல் தப்பிய அதே வலக் கையால் கலந்தர் சாவிக்கொத்தை நீட்ட, மைமூன் வாங்கிக்கொண்டாள்.