வெள்ளை பனியன் துணி

நாச்சிமுத்து வேலை கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. கற்றுக்கொடுக்க வேண்டிய கோகிலவாணிக்கு முப்பத்து நாலு. அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு, யார் சிஷ்யன் என்று வெளியாளைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வான்.

எனக்குத் தெரியும். உக்கடத்தில் அவள் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் நான். நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

வெயிலில் வெளுத்துப்போன காருக்கு அதன் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது கோகிலவாணியின் வேலை. புதுப் பெயிண்ட் அடிக்க மாட்டாள். மிஷினும் கிடையாது. தேய்க்கக் காம்பவுண்டு என்கிற பசை, கடைசியில் பூச மெழுகு, துணி, இரண்டு கை. அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவோ இருபது வருஷம் மிஷின் பிடித்தவர். புது வண்டிகள் மட்டுமே வருகிற ஒரு பெரிய பாலிஷ் கடையில் இருந்தார். போன வருஷம் ஒரு நீலக் காரின் பானட்டில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டார். துடைத்த துணியில் நீலம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பானட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நிறமே இல்லை. முதலாளி அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசி வெளியே அனுப்பினார்.

அதற்கப்புறம் அவர் மிஷினைத் தொடவே இல்லை. வேறு தொழில் தெரியாது. கையால் செய்கிற இடம் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார். இங்கேயும் முடியாவிட்டால் இந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

வந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார். கோகிலவாணி திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக பனியன் வேஸ்ட் வாங்குவாள். கலர்த் துணியெல்லாம் பொறுக்கி எனக்குத் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கலர்த் துணியில தொடைச்சா அழுக்குத் தெரியாதே. வெள்ளை எதுக்குங்க?"

கோகிலவாணி மூலையில் கிடந்த ஒரு கனத்த குஷனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதுல உக்காந்துக்கோங்ணா. கதவுக்குக் கீழ தேய்க்கறப்ப முட்டி வலிக்காது."

கேட்டதென்ன, கிடைத்ததென்ன. மனுஷன் திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குஷனைத் தைத்துக் கொடுத்ததே நான்தான். உள்ளே என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் வண்டி கழுவினார், தார்ப் புள்ளி எடுத்தார், பம்பரைத் துலக்கினார். பிறகு ஒரு புதன்கிழமை லூர்துராஜ் என்பவர் தன் சிவப்பு பியட்டைக் கொண்டுவந்தார். சிவப்பு என்று அவர்தான் சொன்னார். மஸ்கட்டில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறார், வண்டி அத்தனை வருஷமும் வாசலில் வெயிலில் நின்றிருக்கிறது. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கதவில் சாய்ந்தால் சட்டையில் மாவு ஒட்டியது.

மூன்று இடத்தில் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்களாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே இருப்பது அவர் அப்பா வாங்கும்போது இருந்த பெயிண்ட். அது வந்தால் வரட்டும், வராவிட்டால் வண்டி இப்படியே காயலான் கடைக்குப் போகட்டும் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன், ஒரே ஒரு கதவைக் காட்டுங்கள் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலவாணி யோசிக்கவே இல்லை.

"டிரைவர் பக்கக் கதவு உங்குளுதுங்ணா."

அவள் பாட்டுக்கு ஒரு வெள்ளை அம்பாசடரின் டிக்கியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை நாச்சிமுத்து குஷனில் உட்கார்ந்தார். புது வெள்ளைத் துணியில் காம்பவுண்டைத் தொட்டு, கதவின் ஓரத்தில் கையகலம் தேய்த்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு.

அந்தத் துணியை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. தகரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, பொய் சொல்வானேன். மெதுவாகத் திரும்பி கோகிலவாணியைப் பார்த்தார். அவள் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த துணி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

துணியை மடித்துச் சோற்றுப் பைக்குள் செருகினார். அடுத்த துணியை எடுத்து, இன்னும் மெதுவாகத் தேய்த்தார். அதிலும் சிவப்பு. அதுவும் பைக்குள் போனது. பொழுது உச்சிக்கு வந்தபோது பை புடைத்துக்கொண்டு நின்றது. சாப்பிட்ட பிறகு அவர் தேய்க்கவே இல்லை. கை மட்டும் போய்ப் போய் வந்தது, துணி கதவைத் தொடவில்லை. கோகிலவாணி தண்ணீர் குடிக்க வந்தவள் கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கை வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார்.

மூன்று மணிக்குப் பையும், கையில் இன்னொரு சிவப்புத் துணியுமாக என் ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பையைத் திறந்து காட்டினார்.

"டெய்லரே, மறுக்காவும் அதையே பண்ணிட்டனுங்க. அந்த மனுசனோட அப்பா வண்டி. நாளைல இருந்து நான் வர்லீங்க."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அவள் சொல்லாமல் வைத்திருப்பதை நான் சொல்ல நான் யார்? அவள் என்னைச் சும்மா விடவும் மாட்டாள். அதனால் வேறு மாதிரி சொன்னேன்.

"போறது போங்க. ஆனா பைதான் நெறஞ்சு போச்சே, கையில இருக்கற துணியை எங்க வெப்பீங்க? அந்தக் குஷனுக்கு அடியில பட்டன் இருக்குது. உள்ள திணிச்சுட்டுப் போங்க."

பாவம், நம்பிப் போனார். குஷனைக் கவிழ்த்துப் பட்டனைப் பிரித்தார். சிவப்புத் துணியை உள்ளே அமுக்கிப் பார்த்தார். இடமில்லை. இடம் பண்ணுவதற்காக உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி எடுத்தார். பனியன் துணி. ஓரம் வெள்ளை, நடுவில் பச்சை ஏறியிருந்தது. இன்னொரு பிடி, சந்தன நிறம். அப்புறம் வெளிர்நீலம், மெரூன், கறுப்பு. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் துணி. நடுவில் அவர்.

நிழல் விழுந்தது. கோகிலவாணி நின்றிருந்தாள்.

"அம்மிணி, இதெல்லாம்..."

"பதனோரு வருசத்துதுங்ணா."

அவள் குனிந்து துழாவி, செங்கல் நிறத்தில் ஒரு துணியை எடுத்தாள்.

"இது நான் தேச்ச மொத வண்டியோடது. மூணு நாளு சோத்துப் பையில ஒளிச்சு வெச்சிருந்தேன்."

அவர் தன் பையைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"உங்க துணி மட்டும் வெள்ளையா இருந்துச்சே."

"வெள்ளை வண்டியில வெள்ளைதானுங்ணா வரும்."

அவர் சிவப்புத் துணியை விரலில் சுற்றினார், பிரித்தார். அவர் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் பட்டது. கடைசியில் கேட்டார்.

"அப்ப அந்த நீல வண்டி?"

"அதுல நெறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அது தீந்தாத்தான் நெறம் வரும். அங்க நீங்க பண்ணுனது தப்புத்தானுங்ணா." துணிகளைப் பொறுக்கிக் குஷனுக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். "இதுல மேல இருக்கறதே நெறந்தான். வெயில்ல செத்த நெறம் துணியில வந்துதான் ஆகோணும். அது அந்த வண்டி, இது இந்த வண்டி. எதுன்னு காட்டத்தான் வெள்ளைத் துணி."

நாச்சிமுத்து தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், ஒரு வருஷமாக உள்ளே கிடந்த மூச்சு அது. எனக்கே போன உயிர் திரும்பி வந்தது. தைத்துக்கொண்டிருந்த உறையில் தையல் கோணியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பட்டனைப் போட்டார். குஷனைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை துணி கதவைத் தொட்டது. தேய்க்கிற சத்தமே மாறிவிட்டது. வந்த சிவப்பை எங்கும் ஒளிக்கவில்லை, பக்கத்திலேயே குவித்தார். சாயங்காலம் வரை தேய்த்தார். மறுநாள் காலையில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லூர்துராஜ் வந்தார். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை கோகிலவாணி கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் அடி மேல் அடி வைத்து வந்து நாச்சிமுத்துவின் பின்னால் நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியும், வாயைப் பொத்தியிருந்த கையும் கதவில் தெளிவாகத் தெரிந்தன. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

நாச்சிமுத்து எதையும் பார்க்கவில்லை. அவர் கண் கையிலிருந்த துணிமேலேயே இருந்தது. திருப்பிப் பார்த்தார், சிவப்பு. புதுத் துணி எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார், அதிலும் சிவப்பு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்க்கோணுமுங்களா?"

"துணி எப்பவும் வெள்ளையா வராதுங்ணா," என்றாள் கோகிலவாணி. "வண்டி செவப்பாயிருச்சான்னு பாருங்க."