சடச்சி தேர்ச்சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு தேர் இருந்துச்சு, அந்தத் தேருக்குக் கட்டை போடுற சடச்சின்னு ஒருத்தி இருந்தா. காலை என் மேல போடாம நேரா படு. "ம்" சொல்லணும், நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

கட்டைன்னா தேர்ச்சக்கரத்துக்கு அடியில குடுக்குற முட்டுக்கட்டை. ஊரே கூடி வடம் பிடிச்சு இழுத்தா தேரு கடகடகடன்னு கிளம்பிடும், தானா நிக்கத் தெரியாது. குறுக்க ஒரு புள்ள ஓடினாலோ, தெருமுனை வந்தாலோ, சடச்சி சக்கரத்தோட கூடவே ஓடிக் கட்டையைச் சொருகுவா. கிறீ...ச். தேரு நின்னுடும். அவ அப்பன் பார்த்த வேலை, அவருக்கு அப்புறம் இவ. இருபது வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சு கூட நசுங்கினது கிடையாது.

ம். அப்போ அந்த ஊருக்கு எட்டடியான்னு ஒருத்தன் வந்தான். எட்டடி உசரம், விர்ர்ருன்னு வானத்துல பறப்பான். ஏரிக்கரை உடைஞ்சப்போ நெஞ்சைக் குடுத்து அடைச்சான். ஆத்துக்குள்ள விழுந்த பஸ்ஸை ஒத்தைக் கையில தூக்கி ரோட்டுல வெச்சான், உள்ள ஒருத்தருக்கும் சிராய்ப்பு கூட இல்ல. ஊரு அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, சடச்சியும்தான் கும்பிட்டா, அந்த பஸ்ல அவ தங்கச்சி மாரிக்கனி இருந்தா.

அப்புறம் தேர்த் திருவிழா வந்துச்சு. எல்லாரும் வடத்தைத் தொடப் போனா, எட்டடியான் வந்து, "தள்ளுங்க, நானே இழுக்குறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னான். தர்மகர்த்தா பல்லை இளிச்சுக்கிட்டு சரின்னுட்டாரு. சடச்சி கட்டையோட போனா, "அதெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல"ன்னு பிடுங்கி ஓரமா போட்டுட்டான். இழுத்தான் பாரு ஒரு இழுப்பு, தடதடதடன்னு தேரு பறக்குது, அவனுக்கு ஒரே சிரிப்பு. எதுக்க நீர்மோர்ப் பந்தல், உள்ள மோர் ஊத்திக்கிட்டு இருக்காரு காது கேக்காத பொன்னையாக் கிழவர். "நில்லு, நில்லு"ன்னு ஊரே கத்துது. அவன் காதுல வாங்கினாத்தானே. மடார்னு பந்தல் போச்சு, பானையெல்லாம் உடைஞ்சு சளக்குனு தெருவெல்லாம் மோர். கிழவரை யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்ததுல உசுரு தப்பிச்சுது, கால் வெரல் ரெண்டு போச்சு.

எட்டடியான் திரும்பிப் பார்த்து, "அடடா, கவனிக்கல. பந்தல் புதுசா போட்டுத் தரேன்"னுட்டு மறுபடி வடத்தை எடுத்தான். சனம் ஒதுங்கி வழி விட்டுச்சு. ஏரியை அடைச்சவனாச்சே, அவன்கிட்ட என்னன்னு கேக்குறது? அடுத்த தெருமுனையில பால்வாடி, புள்ளைங்கெல்லாம் வாசல்ல நின்னு தேர் பார்க்குதுங்க. சடச்சி விறுவிறுன்னு போயி சக்கரத்துக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

"எந்திரிம்மா."

"மாட்டேன்."

ரெண்டு வெரலால தூக்கி ஒரு மச்சு மேல வெச்சான். அவ படியில திடுதிடுன்னு இறங்கி வந்து மறுபடி உக்காந்தா. அப்புறம் தூக்கித் தென்னை மரத்து உச்சியில வெச்சான். அவ சர்ர்ருன்னு சறுக்கி, நெஞ்செல்லாம் தோல் உரிஞ்சு இறங்குறதுக்குள்ள, மாரிக்கனி போயி அக்கா இடத்துல உக்காந்திருக்கா. மூணாவதா ரெண்டு பேரையும் அள்ளி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வந்தான். வந்து பார்த்தா தெரு முழுக்க சனம், நடுவுல அடிபட்ட கால்ல துணியைச் சுத்திக்கிட்டுப் பொன்னையாக் கிழவர். தூங்கிட்டியா? ம். சரி.

ஆத்தைக் கடந்து சொட்டச் சொட்ட நனைஞ்சு சடச்சி வந்து சேர்ந்தா. எட்டடியான் அவகிட்ட கேட்டான், "நான் உங்களுக்கு என்ன கெட்டது நினைச்சேன்? என்னை ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க?"

"நீ நல்லவன்தான்ப்பா. என் தங்கச்சி உசுரு நீ குடுத்தது, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இந்தத் தேரை நான் நிறுத்துவேன். நான் தப்பு செஞ்சா நாலு பேரு கையைப் பிடிச்சு என்னை நிறுத்துவாங்க. உன்னை யாரு நிறுத்துறது?"

"நானே நின்னுக்குவேன்."

"இன்னைக்கு நின்னியா?"

அவனுக்கு முகம் செவந்து போச்சு. "இனிமே ஏரி உடைஞ்சா கூப்பிடாதீங்க"ன்னான்.

"நாங்க மண்ணை அள்ளிக் கொட்டிக்கிறோம், நீ வடத்தைக் கீழ போடு"ன்னா சடச்சி.

தொப்புனு போட்டுட்டு விர்ர்ருன்னு போயிட்டான். அப்புறம் சனமெல்லாம் சேர்ந்து, நின்னு நின்னு, மூச்சு வாங்கி வாங்கி இழுத்தாங்க. பொழுது சாயத்தான் தேரு போயிச் சேர்ந்துச்சு.

என்ன, அவன் பாவமா? பாவம்தான்டி. அதுக்காக வடத்தைத் தூக்கிக் குடுத்துட முடியுமா? இப்பவும் வருஷா வருஷம் தேரன்னைக்கு மேல வந்து சுத்துறானாம். "நில்லுன்னா நிப்பியா?"ன்னு சடச்சி கீழ இருந்து கேப்பாளாம். அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. இவளும் வடத்தைக் குடுக்கல.

தேரு நிலைக்கு வந்தாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு. கண்ணை மூடு.