பக்கத்துக் கடை அடுப்பு

இமயமலைச் சரிவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, காபல்தார் என்றொரு காட்டூர் இருந்தது. அங்கே சம்பா என்ற நரியும் பேமா என்ற முள்ளம்பன்றியும் ஒட்டினாற்போல் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தன. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கல்சுவர்தான்.

சம்பாவின் கடையில் சிட்டூ கிடைக்கும். நம் ஊர்க் கொழுக்கட்டைக்கு அது மலைநாட்டு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து, புளித்துப் பொங்கும்வரை பானையில் மூடி வைப்பார்கள். பிறகு உள்ளே அக்ரூட் பருப்பை இடித்து வைத்து, ஆவியில் அவித்து, மேலே தாராளமாக நெய் ஊற்றிக் கொடுப்பார்கள். காரம் என்ற பேச்சே கிடையாது. மாவு சரியாகப் பொங்கியிருந்தால், பல் முளைக்காத குட்டிகூட ஈறாலேயே மென்று தின்றுவிடும்.

பேமாவின் கடையில் துக்பா. முள்ளங்கியும் காட்டுக்கீரையும் போட்டுக் கொதிக்கிற சாற்றில், மாவை நூல் நூலாக இழுத்துப் போட்டு வேகவைப்பது. அந்த நூல்களை உலர்த்த பேமாவுக்குக் கொடி தேவைப்படவில்லை. தன் முதுகு முட்களிலேயே தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குள் அங்கும் இங்கும் நடக்கும். குட்டிகளுக்கு அதைப் பார்ப்பதே திருவிழாவாக இருந்தது.

சம்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பேமா இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. அதற்கு முன்பு காபல்தாரில் சம்பாவின் கடை மட்டும்தான். உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் சம்பாவின் சிட்டூ அப்படியொன்றும் பிரமாதமில்லை. மலைக்குளிரில் மாவு பாதி பொங்கும், பாதி பொங்காது. வேறு கடை இல்லாததால் எல்லோரும் தாடை வலிக்க மென்றுவிட்டுப் போனார்கள். ஆனால் பேமா வந்த பிறகு சம்பாவின் சிட்டூ பஞ்சாக மாறிவிட்டது. எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். "எல்லாம் என் கைப்பக்குவம்" என்று சம்பா தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

அத்தனை புகழ் கிடைத்தும் அதன் வயிறு குளிரவில்லை. தன் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் அதன் கண் பக்கத்துக் கடை வாசலிலேயே நின்றது. அங்கே யாராவது சிரித்தால் இங்கே சம்பாவுக்குக் காது எரியும். ஒருநாள் அதன் புருஷன் நரி வெளியே போய்விட்டு வந்தது. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, காற்றாட நடந்தேன் என்றது. மீசையில் துக்பா நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, சம்பாவின் வயிறுதான் எரிந்தது.

இந்த நிலையில் கோடை வந்தது. வெயில் ஏறினால் அடிவாரக் காட்டில் இருக்க முடியாது. யானைகளும் மான்களும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடும். மழை தொடங்கும்வரை காபல்தாரில்தான் வாசம். கஜ்ரி என்ற மூத்த யானைதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. இடம் மாறி வந்த குட்டிகளுக்கு வேளைக்கொரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால், வந்த மாலையே எல்லாவற்றையும் ருசி பார்த்து, கோடை முழுவதற்கும் ஒரே கடையைக் கஜ்ரி தேர்ந்தெடுக்கும். அந்தக் கடைக்குத்தான் அவர்கள் சுமந்து வரும் அரிசி மூட்டையும் வெல்ல மூட்டையும். பனிக்காலத்தில் மலையில் ஒரு புல்கூட முளைக்காது. அந்த மூட்டைகள் இருந்தால் வயிறு நிறையும், இல்லாவிட்டால் பட்டினிதான்.

இத்தனை வருடமும் மூட்டைகள் சம்பாவின் வீட்டுக்குத்தான் வந்தன. இந்த வருடம்?

கூட்டம் வந்து சேர வேண்டிய நாளின் காலையில் வானம் மூடியிருந்தது. ஊசிபோல் ஆலங்கட்டித் தூறல் வேறு. சம்பா விடியும்போதே மாவைப் பிசைந்து, பானையில் மூடி, வழக்கம்போல் நடுச்சுவரை ஒட்டி வைத்தது. மாலையில் அவிக்கும்போதுதான் அது அடுப்பு மூட்டும். அதுவரை எதற்கு வீணாக விறகை எரிப்பது என்பது அதன் கணக்கு.

பக்கத்துக் கடையிலோ காலையிலேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாறு நாள் முழுவதும் கொதித்தால்தான் துக்பாவுக்கு ருசி. பேமா பெரிய கட்டையாகப் பார்த்து அடுப்பில் தள்ளிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கீரை பறிக்க ஓடைக்குப் போனது. போகும்போது சம்பாவின் வாசலில் நின்று, "அக்கா, ஓடைப்பக்கம் போறேன். ஏதாவது வேணுமா?" என்று கேட்டது.

"ஒண்ணும் வேணாம், நீ போய்ட்டு வா" என்றது சம்பா. குரலில் தேன் வழிந்தது.

பேமாவின் முட்கள் வளைவில் மறைந்ததுதான் தாமதம், சம்பா கூரைமேல் ஏறியது. மரத்தடியில் பிடுங்கிய ஈரப்பாசியை வாரி வாரிப் பேமாவின் புகைபோக்கிக்குள் அடைத்தது. மேலே ஒரு தட்டைக்கல்லையும் வைத்தது. முள்ளம்பன்றியால் கூரை ஏற முடியாது, அதனால் காரணமும் தெரியாது என்று நினைத்தபோது சம்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இறங்கிப் போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் அக்ரூட் உடைக்க உட்கார்ந்தது.

பேமா திரும்பி வந்தபோது கடை முழுக்கப் புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு முட்டி, இருமி, கடைசியில் குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டி அணைத்தது. புகை அடங்கியதும் மறுபடி மூட்டிப் பார்த்தது. மறுபடி புகை. விறகும் நனைந்துபோயிற்று. முகமெல்லாம் கரியோடு சம்பாவின் வாசலுக்கு வந்தது.

"அக்கா, என் அடுப்பு என்னமோ எரிய மாட்டேங்குது. உங்க அடுப்புல ஒரு ஓரமா என் சாறைக் கொதிக்க வெச்சுக்கட்டுமா?"

சம்பா நிமிரவே இல்லை. "நான் சாயங்காலந்தானே பத்த வைப்பேன்? அதுவும் எனக்கே எடம் பத்தாது."

பேமா சரி அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. சம்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டைகளை எந்த மூலையில் அடுக்கலாம் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

மாலையில் தூரத்தில் யானைகளின் பிளிறல் கேட்டது. சம்பா உற்சாகமாகப் போய்ப் பானை மூடியைத் திறந்தது.

மாவு காலையில் வைத்தபடியே இருந்தது. ஒரு விரல்கூட எழும்பவில்லை. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று களிமண் மாதிரி இருந்தது.

சம்பாவுக்குப் பகீரென்றது. அதே மாவு, அதே பானை, அதே கை. என்ன ஆயிற்று என்று யோசிக்க நேரமில்லை. அவசர அவசரமாக அடுப்பை மூட்டி, மாவை உருட்டி, அக்ரூட்டைத் திணித்து அவித்தது. நெய்யை இரண்டு மடங்கு ஊற்றினால் யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டது.

கூட்டம் வந்து சேர்ந்தது. குட்டிகள் பசியில் சிணுங்கின. கஜ்ரி இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று, பிள்ளைகளுக்குக் காரமில்லாமல், வயிற்றைக் கெடுக்காமல் சூடாக என்ன இருக்கிறது என்று கேட்டது.

முதலில் பேசியது பேமாதான். "இன்னைக்கு என் அடுப்பு காலை வாரிருச்சும்மா. சம்பா அக்கா சிட்டூ குடுங்க. பஞ்சு மாதிரி இருக்கும். இந்த மலையில பிள்ளைங்களுக்கு அதவிட நல்ல சாப்பாடு கிடையாது."

சம்பா முதல் தட்டைக் கஜ்ரியின் பேரக்குட்டிக்கு நீட்டியது. குட்டி யானை ஆசையாகக் கடித்தது. கடித்த வாய் அப்படியே நின்றது. சிட்டூவை வெளியே எடுத்துப் பாறையில் தட்டிப் பார்த்தது. டொக்கென்று சத்தம் வந்தது. ஒரு மான்குட்டி, "அம்மா, இதுக்குள்ள கல்லு இருக்கு" என்று அழத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்ற குட்டிகளும் அழுதன.

கஜ்ரி யாரையும் திட்டவில்லை. மேலைச் சரிவில் ஒரு கரடி சாமை அரிசியில் பாயசம் காய்ச்சுகிறதாமே, பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள், அங்கே போகிறோம் என்றது. அரிசி மூட்டையும் வெல்ல மூட்டையும் யானைகளின் முதுகில் ஆடிக்கொண்டே சரிவில் ஏறி மறைந்தன. சம்பா பார்த்துக்கொண்டே நின்றது. அதன் பனிக்காலச் சாப்பாடே நடந்து போவதுபோல் இருந்தது.

பேமா பக்கத்தில் வந்து நின்றது. "என்னை மன்னிச்சுருங்க அக்கா. எல்லாம் என்னாலதான்."

"உன்னாலயா? உன்னால என்ன?"

"நான் வந்த புதுசுலயே பாத்தேன். குளிருக்கு உங்க மாவு பொங்காமக் கிடந்துச்சு. உங்க பானை நடுச்சுவரை ஒட்டித்தானே இருக்கு? அதான் நான் வெறகை எப்பவும் அந்தச் சுவரோரமாவே அடுக்கி எரிப்பேன். சூடு உங்க பக்கம் போகட்டும்னு. இன்னைக்கு அது எரியாமப் போச்சே."

சம்பா நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தது. "இத்தனை நாளும் இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன அக்கா இருக்கு?"

அந்த வார்த்தையைக் கேட்டபின் சம்பாவால் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூரைமேல் ஏறி, தட்டைக்கல்லைத் தள்ளி, பாசியை வெளியே இழுத்துப்போட்டது. இரண்டு கையும் பாசியும் கரியுமாக இறங்கி வந்தபோது பேமா கீழேயே நின்றுகொண்டிருந்தது. பாசியைப் பார்த்தது. சம்பாவின் முகத்தைப் பார்த்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை பேமாவின் புகைபோக்கியில் புகை அழகாக எழுந்தது. கட்டைகள் படபடவென்று எரியும் சத்தம் சம்பாவின் கடைவரை கேட்டது. அப்பாடா என்று சம்பா மாவைப் பிசைந்து, பானையை மூடி, நடுச்சுவரை ஒட்டி வைத்தது. ஒரு சந்தேகத்தில் சுவர்மேல் கையை வைத்துப் பார்த்தது.

சுவர் ஜில்லென்று இருந்தது. பேமா இன்று விறகை அடுப்பின் மறுபக்கமாக அடுக்கி எரித்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் அடுப்பை அணைக்கக் கிளம்புகிறவர், தன் வீடு யாருடைய சூட்டில் காய்கிறது என்பதை முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.